பட்டினியா வந்த நாய்க்கு உடனே தட்டு நிறைய வைக்காதீங்க: ரெஸ்க்யூ நடத்துறதுல கத்துக்கிட்டது

ரெஸ்க்யூன்னு சொன்னதும் எல்லாருக்கும் ரோட்ல அடிபட்டு கிடக்குற நாய் தான் ஞாபகம் வரும். ஆனா எங்க சின்ன இடத்துக்கு வர்றதுல நிறைய பேர் ஒரு காலத்துல ஏதோ ஒரு வீட்ல செல்லமா இருந்தவங்க தான். ஆசையா வாங்கிட்டு வந்து கொஞ்ச மாசம் கொஞ்சிட்டு, அப்புறம் குட்டி பெருசானதும் பால்கனியில கட்டி போட்டுட்டு, வேளாவேளைக்கு தட்டு மட்டும் தள்ளி விட்டுட்டு போயிடுவாங்க. யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. ஆனா வருஷக்கணக்கா செயின் அவிழ்ந்திருக்காது, நகம் சுருண்டு போய் பாதத்துக்குள்ளயே குத்தியிருக்கும், பல்லு அழுகி இருக்கும், யாரும் பேர் சொல்லி கூப்பிட்டே இருக்க மாட்டாங்க. கேட்டா "சாப்பாடு வெச்சோமே"ம்பாங்க.

இப்படி வர்றவங்களை பார்த்ததும் மனசு பதறும், எல்லாத்தையும் இன்னைக்கே கொடுத்துடணும்னு தோணும், வயிறு நிறைய சாப்பாடு, குளியல், மெத்தை, கட்டிப்பிடிச்சு ஒரு போட்டோ. இந்த பதட்டத்தை அடக்குறது தான் ரெஸ்க்யூ வேலையில முக்கால்வாசி. புதுசா இதுல இறங்குறவங்களுக்கு இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒரு லாப்ரடார் வந்துச்சு, வீட்டை பூட்டிட்டு அப்படியே உள்ள விட்டுட்டு போயிட்டாங்க. விலா எலும்பை தூரத்துல இருந்தே எண்ணலாம், இடுப்பு எலும்பு ரெண்டும் தோலை முட்டிக்கிட்டு நிக்குது, உடம்பு வத்திப்போய் தலை மட்டும் பெருசா தெரியுது. உடம்பு நிலைக்கு டாக்டருங்க 1ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடுவாங்க, 4, 5 இருந்தா நல்ல உடம்பு, இவனுக்கு 1. கூட இருந்த வாலன்டியர் பொண்ணு "அக்கா பாவம்க்கா, ஒரு தட்டு நிறைய வெச்சிடலாம்க்கா"ன்னு அழுதுச்சு. நான் வைக்க விடல.

ஏன்னா பல நாள் பட்டினி கிடந்த உடம்பு தன்னோட கொழுப்பையும் சதையையும் கரைச்சு தான் ஓடிக்கிட்டு இருக்கும். அப்போ திடீர்னு நிறைய சாப்பாடு, அதுவும் மாவுச்சத்து அதிகமா இருக்குற சாப்பாடு உள்ள போனா இன்சுலின் ஏறும், ரத்தத்துல இருக்குற பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாத்தையும் செல் உள்ள இழுத்துக்கும், ரத்தத்துல அளவு சர்ருனு இறங்கிடும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும், முதல் சில நாள்லயே உயிரே போயிடலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு சொல்வாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ பட்டினி கிடந்து மீண்டவங்க சாப்பிட ஆரம்பிச்ச பிறகு செத்துப்போனதை பார்த்து தான் மருத்துவ உலகம் இதை சரியா கவனிச்சுச்சு. நாய் பூனைக்கும் இதே தான்.

அதனால கணக்கு போட்டு தான் சாப்பாடு. எடை எத்தனை கிலோவோ அதை கால்குலேட்டர்ல 0.75 அடுக்குக்கு ஏத்தி 70ஆல பெருக்கணும், சும்மா படுத்திருக்குற உடம்புக்கு ஒரு நாளைக்கு தேவையான கலோரி அது. அவன் 16 கிலோ தான் இருந்தான், கணக்கு 560 வருது. (நல்லா இருந்தப்போ என்ன எடை இருந்திருக்கும்னு போடக்கூடாது, இன்னைக்கு தராசு காட்டுற எடை தான்.) முதல் நாள் அதுல கால் பங்கு, 140 கலோரி, அதையும் 6 வேளையா பிரிச்சு ஒரு வேளைக்கு ரெண்டு மூணு கரண்டி. தட்டை நக்கி தரையோட தேய்ச்சுக்கிட்டே நம்ம மூஞ்சியை பார்ப்பான், அந்த பார்வையை தாங்கிக்கிட்டு எழுந்து போகணும். அடுத்தடுத்த நாள்ல டாக்டர் பிளட் டெஸ்ட் பார்த்து சொல்ற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, முழு அளவுக்கு வர்றதுக்கே பல நாள் ஆகும், அதுக்கப்புறம் தான் எடை ஏத்துறதை பத்தியே யோசிக்கணும். கொழுப்பும் புரதமும் அதிகமா, மாவுச்சத்து கம்மியா இருக்குற ரிக்கவரி டயட் டாக்டர் எழுதி கொடுப்பாங்க. மிச்சம் மீதியை கலக்கி வைக்கிறதெல்லாம் இந்த நிலைமையில வேண்டாம்.

குட்டிகளுக்கு இன்னொரு விஷயம். சில்லுனு இருக்குற குட்டிக்கு பால் ஊத்தாதீங்க. உடம்பு குளிர்ந்து போயிருந்தா குடல் வேலை செய்யாது, விழுங்குற சக்தி இருக்காது, பால் நுரையீரலுக்கு போயிடும். முதல்ல சூடு, அப்புறம் நீர்ச்சத்து, கடைசியா தான் சாப்பாடு. வாட்டர் பாட்டில்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி துணியில சுத்தி பக்கத்துல வெச்சு மெதுவா சூடேத்துங்க, நேரா ஹீட்டர் முன்னாடி கொண்டு போய் வைக்காதீங்க. வளர்ந்த நாய்க்கு நார்மல் டெம்பரேச்சர் 101ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், பச்சைக்குட்டிக்கு அதை விட கம்மியா தான் இருக்கும். மாட்டுப்பால் பெரும்பாலும் பேதி ஆக்கிடும், குட்டிகளுக்குன்னே பால் பவுடர் விக்கிறாங்க.

பூனை கதை நேர் எதிர். குண்டா இருக்குற வீட்டுப்பூனை இடம் மாறின அதிர்ச்சியில ரெண்டு மூணு நாள் வாயே வைக்கலன்னா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து மஞ்சள் காமாலை வந்துடும். "பசிச்சா தானா சாப்பிடும்"ங்குற பேச்சு பூனைகிட்ட செல்லாது, ஒரு நாள் முழுசா சாப்பிடலன்னாலே டாக்டருக்கு போன் பண்ணிடுங்க. அப்புறம் பூனைக்கு காய்ச்சல்னு பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரே ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க. நாய்க்கு உண்ணிக்காக போடுற பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். உண்ணியோட வந்த பூனையை பார்த்ததும் கையில கிடைச்ச நாய் மருந்தை ஊத்துறவங்க இன்னமும் இருக்காங்க, அதான் அழுத்தி சொல்றேன்.

எது வந்தாலும் முதல்ல குவாரன்டைன். குறைஞ்சது 14 நாள் மத்தவங்க கண்ணுல படாத தனி ரூம், தனி தட்டு, தனி துடைப்பம், அந்த ரூமுக்குன்னு தனி செருப்பு. குட்டிகளையும் ஆரோக்கியமா இருக்கறவங்களையும் முதல்ல கவனிச்சு முடிச்சுட்டு கடைசியா தான் அந்த ரூமுக்குள்ள போகணும், போயிட்டு நேரா குட்டிகிட்ட வரக்கூடாது. பார்வோ வைரஸ் (நாய்க்குட்டிகளுக்கு ரத்தபேதி வர வெச்சு உயிரை எடுக்குறது) ஒரு இடத்துல விழுந்தா மாசக்கணக்குல, நிழலான இடத்துல ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும், சாதாரண ஃபினாயிலுக்கெல்லாம் அது அசையாது. வீட்டு ப்ளீச் (திரவமா வர்றது, பவுடர் இல்ல) ஒரு பங்கு, தண்ணி 30 பங்கு, மொதல்ல மலம் மண்ணு எல்லாத்தையும் சோப்பு போட்டு கழுவி எடுத்துட்டு அப்புறம் அதை ஊத்தி 10 நிமிஷம் ஊற விடணும். அழுக்கு மேலயே ப்ளீச் ஊத்தினா அது வேலையே செய்யாது. டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்குற நாய் வைரஸ் நோய்) சந்தேகம் இருந்தா 14 நாள் பத்தாது, டாக்டர் சொல்ற வரைக்கும் நீட்டிக்கணும்.

நமக்கும் பாதுகாப்பு வேணும். இந்த வேலைக்கு வர்ற எல்லாரும் கடி வாங்குறதுக்கு முன்னாடியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கணும், அப்படியும் கடிச்சிட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டர்கிட்ட போகணும். முன்னாடி ஊசி போட்டிருக்கோமேன்னு சும்மா இருக்கக்கூடாது, கடிச்ச பிறகும் ஊசி உண்டு.

இப்போ குளியல் விஷயத்துக்கு வர்றேன். ஒரு பெர்சியன் பூனை வந்துச்சு, முதுகு முழுக்க முடி சடையா பிடிச்சு ஒரே பலகை மாதிரி ஆகிடுச்சு. காலை நீட்டினா சடை தோலை இழுக்குது, அதனால அது நடக்கவே யோசிக்குது, வால் அடியில மலம் காஞ்சு ஒட்டி உள்ள புண்ணு. இதுக்கு தண்ணி ஊத்தினா சடை இன்னும் இறுகும். கத்திரிக்கோல் எடுக்கவே எடுக்காதீங்க, சடைக்குள்ள தோல் மடிஞ்சு ஏறி இருக்கும், முடின்னு நினைச்சு தோலை வெட்டிடுவோம். டாக்டர்கிட்ட மயக்க மருந்து கொடுத்து கிளிப்பர்ல மெதுவா எடுத்தாங்க, கம்பளி மாதிரி ஒரே துண்டா கழண்டு வந்துச்சு, அடியில தோல் சிவந்து, அங்கங்க ஈரப்புண்ணு. சடையை எடுத்த பிறகு காதை கவனிங்க. நாய்ங்களுக்கும் சரி, காதுல தொங்கிக்கிட்டு இருந்த கனமான சடை போனதும் ரத்த ஓட்டம் திடீர்னு அதிகமாகும், அது தலையை உதறிக்கிட்டே இருக்கும், காது மடல்ல ரத்தம் கட்டி வீங்கிடும். அதனால ரெண்டு மூணு நாள் காதை தலையோட சேர்த்து மெத்துனு துணி சுத்தி வைக்கலாமான்னு டாக்டரை கேட்டுக்கோங்க. மொட்டை அடிச்ச உடம்புக்கு குளிரும், அதுக்கு போர்வையும் வேணும்.

கழுத்துப்பட்டை சதைக்குள்ள போனதும் அதே மாதிரி தான். குட்டியா இருக்கும்போது போட்ட பட்டை, நாய் வளர வளர இறுகி தோலை அறுத்து உள்ள போயிடும், மேல சதை மூடிடும். பார்க்கிறவங்களுக்கு கழுத்தை சுத்தி ஒரு கோடும் நாத்தமும் தான் தெரியும். அதை வீட்ல இழுத்து எடுக்க நினைக்காதீங்க, அடியில பெரிய ரத்தக்குழாய் ஓடுது, மயக்கம் கொடுத்து தான் எடுக்கணும். அந்த புண்ணு ஆறின பிறகும் அந்த நாய்க்கு காலர் வேண்டாம், ஹார்னஸ் (கழுத்தை விட்டுட்டு நெஞ்சை சுத்தி போடுற பட்டை) போடுங்க.

உடம்பு தேறுறதை விட மனசு தேற தான் நாளாகும், நான் அதிகமா பேச விரும்புறதும் இதை பத்தி தான். வருஷக்கணக்கா தனியா கிடந்த நாய் வந்ததும் மூலையில ஒண்டி படுத்துக்கும், நாம தொட்டா அசையாது, தூக்கினா தூக்க விடும். பார்க்கிறவங்க "எவ்ளோ சாதுவா இருக்கு பாருங்க"ம்பாங்க. அது சாது கிடையாது, பயத்துல உறைஞ்சு போய் கிடக்கு. கண்ணோட வெள்ளை தெரியுதா, உதட்டை நக்கிக்கிட்டே இருக்கா, தூக்கம் வராதப்போவும் கொட்டாவி விடுதா, மூச்சை பிடிச்சுக்கிட்டு கட்டை மாதிரி கிடக்கா, இதெல்லாம் பார்க்கணும். இந்த நிலைமையில வர்றவங்க போறவங்க எல்லாரும் தலையை தடவினா ஒரு நாள் அது கடிக்கும், கடிச்சதும் "திடீர்னு கடிச்சிடுச்சு"ன்னு பேர் வாங்கிடும். அது பல நாளா சொல்லிக்கிட்டு தான் இருந்திருக்கும்.

நான் பண்றது இவ்வளவு தான். ரூமுக்குள்ள போய் அதுக்கு பக்கவாட்டா தரையில உட்காருவேன், நேரா பார்க்க மாட்டேன், போனை பார்த்துக்கிட்டோ ஏதாவது படிச்சுக்கிட்டோ இருப்பேன். அப்பப்போ ஒரு தின்பண்டத்தை அதுக்கு பின்னாடி விழுற மாதிரி போடுவேன். பின்னாடின்னு ஏன் சொல்றேன்னா, என் கைக்கு பக்கத்துல வெச்சா அது சாப்பாட்டுக்காக பயத்தோட கிட்ட வரும், எடுத்ததும் நம்ம கை இவ்ளோ பக்கத்துல இருக்கேன்னு அரண்டு போயிடும். தள்ளி போட்டா என்னை விட்டு விலகி போறதுக்கே அதுக்கு பரிசு கிடைக்குது, அப்புறம் தானா திரும்பி என்னை பார்க்கும், அடுத்தது எப்போன்னு. அந்த திரும்பி பார்க்கிறது தான் முதல் வெற்றி. கிட்ட வந்து மோந்து பார்த்தா கூட கையை நீட்டாதீங்க, மோந்துட்டு போகட்டும். தடவுறதா இருந்தா நெஞ்சு பக்கம் மூணு செகண்ட் தடவிட்டு கையை எடுத்துடுங்க, அதுவே நெருங்கி வந்தா இன்னொரு மூணு செகண்ட், நகர்ந்து போனா விட்டுடுங்க. வேண்டாம்னு சொன்னா கேட்பாங்கன்னு தெரிஞ்ச நாய்க்கு கடிக்க அவசியமே வராது.

பூனைக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும், நிஜமாவே. நெதர்லாந்துல ஒரு ஷெல்டர்ல புதுசா வந்த பூனைங்கள்ல பாதிக்கு ஒளிஞ்சுக்க பெட்டி கொடுத்து, பாதிக்கு கொடுக்காம பார்த்தாங்க, 2014ல அந்த ஆய்வு வெளியாச்சு. பெட்டி கிடைச்ச பூனைங்க சீக்கிரமே பழகி, பதட்டம் குறைஞ்சிருந்துச்சாம். ஒளிஞ்சிருக்கே, எப்படி பழகும்னு பெட்டியை எடுத்துடுறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க.

இன்னொன்னு, புதுசா வந்த நாய் ஓடிடும். கதவு திறக்குற ஒரு செகண்ட் போதும், பேர் தெரியாது, வீடு தெரியாது, கூப்பிட்டா வராது. அதனால முதல் சில வாரம் வெளிய கூட்டிட்டு போறப்போ ஹார்னஸ்ல ஒரு கயிறு, காலர்ல ஒரு கயிறு, ரெண்டும் வேணும் (கழுத்துல புண்ணு இருக்குறவங்களுக்கு ரெண்டு ஹார்னஸ்). வாசல்ல ரெண்டு கதவு வர்ற மாதிரி ஒரு தடுப்பு போட்டுடுங்க.

கூண்டுக்குள்ளயே மலம் போய் பழகின நாய்க்கு வெளிய போகணும்னே தெரியாது, சிமெண்ட் தரையில மட்டுமே நின்னு பழகினது புல்லை பார்த்தா காலை தூக்கிட்டு நிக்கும். திட்டாதீங்க, குட்டிக்கு சொல்லி கொடுக்குற மாதிரி முதல்ல இருந்து தான்.

நாய் பூனை தாண்டி வர்றவங்களை நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. வெறும் விதை மட்டுமே போட்டு வளர்த்த கிளிக்கு வைட்டமின் ஏ குறைஞ்சு மூக்கடைப்பு, வாயில வெள்ளையா கட்டின்னு வரும், தனிமையில தன் இறகை தானே பிடுங்கிக்கும். விதையை ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, புது சாப்பாட்டை அது சாப்பாடுன்னே நினைக்காம பட்டினி கிடந்து செத்துடும். தினமும் காலையில கிராம் தராசுல எடை போட்டு எழுதுங்க, உடம்பு எடையில 10 சதவீதம் குறைஞ்சா அவசரம்னு அர்த்தம். பிடுங்கி பிடுங்கி வேர் கெட்டு போன இடத்துல இறகு திரும்ப வராமலே போகலாம், அதையும் ஏத்துக்கணும். முயல் அரை நாள் சாப்பிடலன்னாலே குடல் நின்னு போகுற ஆபத்து, காத்திருக்காதீங்க. ஆமைக்கு ஓடு மெதுமெதுன்னு இருந்தா கால்சியமும் யுவிபி வெளிச்சமும் (வெயில்ல இருக்குற புறஊதாக் கதிர்) கிடைக்கலன்னு அர்த்தம்.

எத்தனை பேரை வெச்சுக்கலாம்ங்குறது அடுத்த கேள்வி. கூண்டு காலியா இருக்கான்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க, கை காலியா இருக்கான்னு பாருங்க. ஷெல்டர் நடத்துறவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, ஒரு பிராணிக்கு ஒரு நாளைக்கு சுத்தம் பண்ண 9 நிமிஷம், சாப்பாடு வைக்க 6 நிமிஷம், மொத்தம் 15 நிமிஷம். 20 பேர் இருந்தா 5 மணி நேரம் இதுக்கே போச்சு, மருந்து, நடை, பயிற்சி, டாக்டர், போன் கால் எதுவும் இதுல சேரல. இடம் இல்லன்னு சொல்றது கல்நெஞ்சம்னு நினைச்சு எல்லாத்தையும் உள்ள எடுத்து, கடைசியில அந்த ரெஸ்க்யூவையே வேற யாராவது வந்து ரெஸ்க்யூ பண்ற நிலைமைக்கு போன இடங்களை நேர்ல பார்த்திருக்கேன். உள்ள இருக்கறவங்களுக்கு கொடுத்த வாக்கு தான் முதல்ல. இடம் இல்லாதப்போவும் போன் பண்றவங்களுக்கு நிறைய செய்யலாம், போட்டோ எடுக்க சொல்லி போஸ்ட் போடலாம், ஃபாஸ்டர் (கொஞ்ச நாள் தன் வீட்ல வெச்சு பார்த்துக்கிறவங்க) தேடலாம், பல நேரம் தீவனமோ ஒரு ஊசியோ கிடைச்சா அவங்களே வெச்சுக்குவாங்க.

விட்டுட்டு போக வர்றவங்களை திட்டாதீங்க. உள்ளுக்குள்ள கொதிக்கும், தெரியும். ஆனா இங்க திட்டு விழும்னு தெரிஞ்சா அடுத்தவர் ராத்திரியோட ராத்திரியா எங்கயாவது அவிழ்த்து விட்டுட்டு போயிடுவாரு. நிதானமா பேசினா என்ன ஊசி போட்டது, எதுக்கு பயப்படும், யாரை கடிச்சிருக்கு எல்லாம் சொல்வாங்க, அந்த தகவல் தங்கம். உரிமையை விட்டு கொடுக்குறேன்னு கையெழுத்து வாங்கிடுங்க, மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற அடையாள சிப்) இருக்கான்னு ஸ்கேன் பண்ணுங்க, வந்த அன்னைக்கே நாலு பக்கமும் தேதியோட போட்டோ, எடை, புண்ணு எங்க எங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க. கேஸ் ஆனா அது தான் ஆதாரம்.

சிலரை காப்பாத்த முடியாது. வலியை குறைக்க வழியே இல்லாம, சாப்பிடாம, எழுந்திரிக்காம கிடக்கிற உயிரை நம்ம மனசு ஆறுதலுக்காக இழுத்து பிடிக்கிறது சரியில்லன்னு தான் நான் நம்புறேன். டாக்டர் கருணைக்கொலைன்னு சொல்லும்போது நான் கேக்குறது ஒண்ணு தான், இதுக்கு நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமான்னு. முடிவு எடுத்தா கூட இருங்க, கடைசி வரைக்கும் கை அது மேல இருக்கட்டும். அழுதா அழுங்க, அன்னைக்கு வேற புது கேஸ் எடுக்காதீங்க.

அடாப்ஷன்லயும் அவசரம் கூடாது. கருத்தடை முடிஞ்சு தான் வெளிய போகணும், "நாங்களே பண்ணிக்கிறோம்"ங்குறதை நம்பி கொடுக்காதீங்க. பெரிய வீடு இருக்கா தோட்டம் இருக்கான்னு கேக்குறதை விட, பகல்ல எத்தனை மணி நேரம் தனியா இருக்கும், ஊருக்கு போனா யார் பார்த்துப்பாங்க, சோஃபாவை கடிச்சு கிழிச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. கடைசி கேள்விக்கு வர்ற பதில்ல ஆளே தெரிஞ்சிடும். அந்த நாயோட குறையை மறைக்காதீங்க, தட்டு பக்கம் போனா உறுமும்னா உறுமும்னு சொல்லிடுங்க.

புது வீட்டுக்கு போன நாய் முதல் மூணு நாள் மிரண்டு கிடக்கும், மூணு வாரத்துல அங்க என்ன எப்போ நடக்கும்னு பிடிபடும், மூணு மாசத்துல தான் அதோட நிஜ குணம் வெளிய வரும், தோராயமா தான், ஒவ்வொண்ணுக்கும் மாறும். இதை முன்னாடியே சொல்லி வெச்சா பாதி பேர் "ஒத்து வரல"ன்னு திருப்பி கொண்டு வர மாட்டாங்க. முதல் வாரம் விருந்தாளி யாரையும் கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் நாமளே போன் பண்ணணும். "நல்லா இருக்கா"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னு தான் பதில் வரும். நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு, மலம் கெட்டியா போச்சா, யாரை பார்த்தா ஒளியுதுன்னு கேட்டா தான் விஷயம் வெளிய வரும். எப்போ முடியலன்னாலும் எங்ககிட்ட தான் திருப்பி கொடுக்கணும், வேற யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க, பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் வாங்கிக்கோங்க. அப்படி திரும்பி வந்த நாய்க்கும் மறுபடியும் தனி ரூம், எடை, போட்டோ, எல்லாம் முதல்ல இருந்து.